பத்து ஆடு வரை: வளர்த்த கிடாயை நாமே அறுத்து விற்க

கிடாயை வீட்டு வாசலில் வைத்து விற்கும்போது தராசு நடுவில் வருவதில்லை. வியாபாரி முதுகுத்தண்டின் இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்துவார், பின்தொடையைத் தூக்கிக் கனம் பார்ப்பார், "எட்டு கிலோ தேறும்ணே" என்பார். விலை அதிலேயே முடிந்துவிடும். பத்து தேறுகிற கிடாய்க்கு எட்டுக்கான பணம் கைக்கு வரும். சாயல்குடி, கடலாடி, சிக்கல், உச்சிப்புளி, தேவிபட்டினம் என்று ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை நெடுக ஆடு வளர்க்கிறவர்களுக்கு இது பழகிப்போன நட்டம். அதனால்தான் 'நாமே அறுத்து நாமே விற்றால் என்ன?' என்ற கேள்வி எழுகிறது.

விற்கலாம். சட்டம் தடுக்கவில்லை. பதிவுக் காகிதம் எளிதாகவே கிடைக்கும், செலவும் குறைவு. அறுக்க ஓர் இடம், நல்ல தண்ணீர், குளிர், கழிவுக்கு ஒரு வழி, இந்த நான்கும்தான் கடினம். இவற்றைத் தனி ஆளாகச் செய்ய முயன்றால் கிடாய்க்குக் கிடைக்கும் கூடுதல் பணம் அதிலேயே கரைந்துவிடும். ஐந்தாறு பேர் சேர்ந்து, ஊராட்சியையும் இழுத்துக்கொண்டு செய்தால்தான் நிற்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 22 கிலோ உயிர் எடையுள்ள கொடி ஆட்டுக் கிடாய், உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்றால் 8,800 ரூபாய். அறுத்தால் தலை, கால், தோல், குடல் நீங்கி நிற்கும் உடல் ஏறக்குறைய 45 சதவீதம், அதாவது 10 கிலோ. வெட்டும்போது சிதறுவதும் ஈரம் காய்வதும் போக 9.7 கிலோ. கறி கிலோ 850 என்றால் 8,245. தலை, கால், ஈரல், குடல், ரத்தம், தோல் எல்லாம் சேர்த்து 1,300. மொத்தம் 9,545. அறுத்து உரிப்பவர் கூலி 300, தண்ணீர், ஐஸ், மின்சாரம் 150, போக்குவரத்தும் கழிவும் 150 என்று 600 கழித்தால் 8,945.

சரியாக எடை போட்டு உயிரோடு விற்றதைவிட 145 ரூபாய்தான் கூடுதல். இரண்டு கிலோ விற்காமல் நின்றுவிட்டால் அதுவும் போய் நட்டம். ஆனால் வியாபாரியின் 'எட்டு கிலோ' மதிப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஆயிரங்களில் இருக்கும். ஆகவே முதலில் வாங்க வேண்டியது 50 கிலோ வரை தாங்கும் தொங்கு தராசு. எந்தப் பதிவும் எடுக்காதவருக்கும் அதனால் பலன் உண்டு. தீனி போடுவதற்கு முன், காலையில், வெறும் வயிற்றில் நிறுத்துப் பழகுங்கள். நிறைந்த வயிற்றோடு நிறுத்தால் வாங்குபவர் நம்பமாட்டார், நம் கணக்கும் கெடும்.

சொந்தக் கறி விற்பனையில் லாபம் வருவது முன்பதிவில்தான். பத்து கிலோவுக்கும் வாடிக்கையாளர் பெயர் எழுதிய பிறகே ஆட்டைப் பிடிக்க வேண்டும். 'கொடி ஆடு', 'ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி', 'மேய்ச்சலில் வளர்ந்தது' என்று இனத்தையும் வளர்ப்பையும் சொல்லி விற்கும்போது கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்க முடியும். அந்தக் கூடுதல்தான் உங்கள் சம்பளம்.

பதிவு

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் கீழ் உரிமம், பதிவு பற்றிய ஒழுங்குமுறை 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு நாளைக்கு 2 பெரிய விலங்குகள், அல்லது 10 சிறிய விலங்குகள், அல்லது 50 கோழிகள் வரை அறுப்பவர் சிறு உணவு வணிகர். அவருக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். ஆடு, செம்மறி சிறிய விலங்குக் கணக்கில் வரும். 10-க்கு மேல் 150 வரை மாநில உரிமம், 150-க்கு மேல் மத்திய உரிமம். நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் அந்த 50 என்ற எண்ணைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை விற்பனைக்கு அது தாராளம்.

அதே வரையறையில் ஆண்டு விற்றுமுதல் வரம்பும் உண்டு. 2011 ஒழுங்குமுறை 12 லட்சம் ரூபாய் என்று வைத்தது. வாரத்துக்கு இரண்டு கிடாய், கிலோ 900 என்றாலே ஆண்டுக்கு ஒன்பது லட்சத்தைத் தாண்டிவிடும். நாளைக்குப் பத்து ஆடு என்ற எல்லையை எட்டுவதற்கு வெகு முன்பே பண எல்லை குறுக்கே வந்துவிடுகிறது. விண்ணப்பிக்கும் நாளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும் வரம்புத் தொகையைப் பார்த்துவிட்டு, அதற்கேற்பப் பதிவா உரிமமா என்று முடிவு செய்யுங்கள்.

விண்ணப்பம் அந்த ஆணையத்தின் 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில், படிவம் ஏ. புகைப்படம், அடையாளச் சான்று, கடை இருக்கும் இடத்துக்கான சான்று வேண்டும். 2011 ஒழுங்குமுறையின்படி கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். விண்ணப்பம் கிடைத்து 7 நாளுக்குள் அலுவலர் பதிவு தர வேண்டும், அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாகத் தெரிவிக்க வேண்டும். ஆய்வு என்றால் 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒன்றுமே சொல்லாமல் கெடு கடந்தால் சிறு வணிகர் தொழிலைத் தொடங்கலாம் என்று விதியே சொல்கிறது. அதனால் விண்ணப்ப எண்ணும் தேதியும் உள்ள ரசீதைப் பத்திரமாக வையுங்கள். விண்ணப்பத்தில் தொழில் வகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. 'சில்லறை விற்பனை' என்று மட்டும் போட்டுவிட்டு அங்கேயே அறுத்தால் பதிவு இருந்தும் பயனில்லை. அறுப்பது, விற்பது இரண்டையும் குறிப்பிட வேண்டும். உப்புக்கண்டம் போட்டு விற்பதாக இருந்தால் அது தயாரிப்பு, அதையும் சேர்க்க வேண்டும்.

கையில் கிடைக்கும் 14 இலக்கப் பதிவு எண்ணைக் கடையில் பார்வையில் படும்படி மாட்ட வேண்டும். கறி தொடுகிற எல்லோருக்கும் ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனைச் சான்று. மின்னணுத் தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை, ஆண்டுதோறும். காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு தினம் (தைப்பூசம்) ஆகிய நாட்களில் கடை திறக்கக்கூடாது. தைப்பூசத்தன்று முன்பதிவு வாங்கிவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

எங்கே அறுப்பது

இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். 2001-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்பு (இறைச்சிக்கூடம்) விதிகள், நகராட்சி எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற ஆட்டுத்தொட்டியை, அதாவது ஆடு அறுக்கும் பொதுக் கூடத்தைத் தவிர வேறெங்கும் அறுக்கக்கூடாது என்கின்றன. இங்கே ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம், பரமக்குடி நான்கும் நகராட்சிகள். அந்த எல்லைக்குள் கடை வைத்தால் கடையின் பின்கட்டில் அறுப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நகராட்சித் தொட்டியில் அறுத்து, முத்திரை வாங்கி, கடைக்குக் கொண்டுவர வேண்டும்.

அதே விதிகள் 'இறைச்சிக்கூடம்' என்பதை நாளைக்குப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட விலங்குகள் அறுக்கும் இடம் என்று வரையறுக்கின்றன. உணவுப் பாதுகாப்பு விதியோ பத்து வரை சிறு வணிகர் என்கிறது. பத்தாவது ஆடு இரண்டு விதிக்குள்ளும் விழுகிறது. ஊராட்சிப் பகுதியில் சேர்ந்து அறுக்கும் குழு ஒன்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எப்படியும் ஊராட்சியின் தடையின்மைச் சான்று வேண்டும். ஊராட்சியோ பேரூராட்சியோ பொதுத் தொட்டி அமைத்திருந்தால் அதை விட்டு வேறிடத்தில் அறுக்கக்கூடாது.

இடம் தேர்வில் இந்தக் கரைக்கென்று சில கட்டுப்பாடுகள் இருக்கின்றன. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அங்கே புதிதாக அறுக்கும் கூடம் கட்டி, கழிவு நீரைக் கடல் பக்கம் விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எதிரே இருப்பது 21 தீவுகளோடு 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. அடுத்து, விமானத்தளம். 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆம் விதி, விமானத்தளத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் எழுத்து அனுமதி இல்லாமல் அறுப்பதையும் உரிப்பதையும் பறவைகளை இழுக்கும் கழிவைக் கொட்டுவதையும் தடுக்கிறது. ஒரு பருந்து விமானத்தில் மோதினால் உயிர்கள் போகும் என்பதால் வந்த விதி. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம் இருக்கிறது. அந்தச் சுற்று வட்டார ஊர்களில் கூரையும் வலையும் மூடிய கழிவுத் தொட்டியும் அந்த அனுமதியும் இல்லாமல் தொடங்கவே கூடாது.

கறிக்கடைக்கு அதே 2011 உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் நான்காம் அட்டவணையில் தனிப் பகுதி உண்டு. வழிபாட்டுத் தலத்திலிருந்து 50 மீட்டர், வாசலுக்கு நேர் எதிரே என்றால் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். காய்கறி, மீன் கடைகளோடு ஒட்டியிருக்கக் கூடாது. சுவரில் தரையிலிருந்து 5 அடி உயரத்துக்கு ஓடு. தரைச் சரிவு 3 மீட்டருக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல். கத்தி, கொக்கி துருப்பிடிக்காத எஃகில். கத்தியைச் சுத்தம் செய்ய 82 டிகிரி செல்சியஸ் வெந்நீர். கடைக்குள் உயிருள்ள ஆடு கட்டக்கூடாது. சாலையைப் பார்த்துக் கறி தொங்கவிடக் கூடாது.

தரைச் சரிவில் ஒரு சொல். கொத்தனார் 'கண்ணளவில் சரியா இருக்கு' என்பார். ஒரு வாளித் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றி, இரண்டு நிமிடத்தில் வடிகாலுக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டுக் கூலி கொடுங்கள். தேங்குகிற இடத்தில்தான் ஈ முட்டையிடும்.

ஆட்டை எடுக்கும் முன்

கால்நடை உதவி மருத்துவர் அறுப்பதற்கு முன் 24 மணி நேரத்துக்குள் பார்த்திருக்க வேண்டும். சினை ஆடு, மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி, மூன்று மாதத்துக்குள் குட்டி ஈன்ற ஆடு ஆகியவற்றை அறுக்கக் கூடாது. தனித்தனியாக ஒவ்வொருவரும் மருத்துவரைக் கூப்பிட்டால் வரமாட்டார், வரவும் நேரமிருக்காது. குழுவாகச் சேர்ந்து சனிக்கிழமை மாலை என்று ஒரு நேரம் பேசி வைத்து எல்லா ஆட்டையும் ஒரே பட்டியில் நிறுத்திக் காட்டினால் அரை மணி நேரத்தில் முடியும்.

நாமே பார்க்க வேண்டியவை: உடல் வெப்பம் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், மூக்குச் சளி, கண்ணில் பீளை, வாயில் புண், கழிச்சல், காலில் கொப்புளம். இதில் எது இருந்தாலும் ஒதுக்கிக் கட்டுங்கள். திடீரென்று செத்து மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் கசிந்த ஆட்டில் கத்தி படவே கூடாது. அடைப்பான் நோயாக இருந்தால் கீறிய இடமெல்லாம் கிருமியின் வித்து ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும், கீறிய ஆளுக்கும் தொற்றும்.

இதைவிட அடிக்கடி நடப்பது மருந்து விஷயம். குடற்புழு மருந்தோ ஊசியோ போட்ட ஆட்டை எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பது மருந்து லேபிளில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட நாள் ஏதும் இல்லையென்றால் இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் என்று மருந்து விதிகள் 2012-இல் வகுத்தன. ஆட்டின் காதில் எண் குத்தி, ஒரு நோட்டில் மருந்து, அளவு, தேதி எழுதிவையுங்கள். பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்திய மாதத்தில் 'கொஞ்சம் தேறட்டும்' என்று மருந்து கொடுப்பதுதான் இந்தக் கணக்கைக் கெடுக்கிறது.

அறுக்கும் முன் 12 மணி நேரம் தீனி நிறுத்த வேண்டும், தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். நிறைந்த இரைப்பை குடல் எடுக்கும்போது கத்தி நுனி பட்டால் கிழிந்து கறியெல்லாம் சாணமாகும். துரத்தி, காலைக் கட்டி, பைக்கில் குறுக்கே போட்டு வெயிலில் கொண்டுவந்த ஆட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடும். அது தீர்ந்தால் அறுத்தபின் புளிப்பு ஏறாது. நல்ல கறியில் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) 7-இலிருந்து ஒரு நாளில் 5.6 அளவுக்கு இறங்கும். கலங்கிய ஆட்டில் 6-க்கு மேலேயே நின்றுவிடும். கறி கறுத்து, பிசுபிசுத்து, மாலைக்குள் வாடை வரும். அதனால் முந்திய நாளே கொண்டுவந்து, நிழலில், ஓர் ஆட்டுக்கு 1.6 சதுர மீட்டர் இடம் விட்டு நிறுத்துங்கள். ஓர் ஆட்டின் கண்முன் இன்னொன்றை அறுக்கக்கூடாது என்பதும் விதி. இரக்கத்துக்காக மட்டுமல்ல, கறியின் தரத்துக்காகவும் அதை மதிக்க வேண்டும்.

கத்தி வேலை

அறுத்தவுடன் பின்னங்கால்களில் கொக்கி மாட்டித் தூக்குங்கள். 22 கிலோ ஆட்டில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ரத்தம் இறங்கும். நாலைந்து நிமிடம் முழுதாக வடியவிட வேண்டும். மூடி உள்ள பாத்திரத்தில் பிடித்தால் விற்பனைக்கும் ஆகும், தரையும் தப்பும். தரையில் போட்டு உரிப்பதுதான் இங்கே பழக்கம். கறியில் மண்ணும் மயிரும் ஒட்டுவதற்கு அதுதான் முதல் காரணம். ஏழடி உயரத்தில் ஒரு இரும்புக் குழாய், ஒரு கப்பி, மூன்று கொக்கி போதும்.

உரிக்கும்போது ஒரு கை தோலுக்கு, ஒரு கை கத்திக்கு. தோலைப் பிடித்த கை கறியைத் தொடக்கூடாது. மயிருள்ள பக்கம் உள்ளே மடியாமல் வெளிப்பக்கமாகச் சுருட்டிக்கொண்டே இறங்க வேண்டும். தோல் கழல்வதற்கு வாயால் ஊதுவதை அறவே விடுங்கள். ஊதுகிறவரின் நெஞ்சில் உள்ளது கறிக்குள் போகிறது. விலாவில் கை முஷ்டியை விட்டு அழுத்தினாலே கொடி ஆட்டுத் தோல் எளிதாகக் கழலும், தோலிலும் கத்திக்கீறல் விழாது.

வயிற்றைத் திறக்கும் முன் இரண்டு முடிச்சு போட வேண்டும். உணவுக்குழாயைக் கழுத்துப் பக்கம் பிரித்து நூலால் ஒரு கட்டு. ஆசனவாயைச் சுற்றி அறுத்து, ஒரு சிறு பாலித்தீன் பையைப் போட்டு இன்னொரு கட்டு. இந்த இரண்டும் இல்லாமல் தொங்கவிட்டால் இரைப்பைத் தண்ணீர் கழுத்துக்கறி வழியே ஒழுகும். எத்தனை வாளி ஊற்றிக் கழுவினாலும் அது போகாது, பரவத்தான் செய்யும். பட்ட இடத்தைச் செதுக்கி எறிவதே வழி. துணியால் துடைப்பதும் கூடாது. ஒரே துணி முதல் ஆட்டின் அழுக்கை எட்டாவது ஆடு வரை கொண்டுபோகும்.

கத்தி இரண்டு வையுங்கள். ஒன்று கையில் இருக்கும்போது மற்றொன்று 82 டிகிரி வெந்நீரில் நிற்கட்டும், ஒவ்வோர் ஆட்டுக்கும் மாற்றுங்கள். வெந்நீரில் போடும் முன் பச்சைத் தண்ணீரில் ரத்தத்தைக் கழுவுங்கள். நேரே வெந்நீரில் போட்டால் ரத்தம் வெந்து கத்தியில் ஒட்டிக்கொள்ளும்.

ஈரல், நுரையீரலை எடுத்தவுடன் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தண்ணீர் நிரம்பிய வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் அது நாடாப்புழுவின் கட்டி. நாய்க்குப் போட்டால் நாய் வயிற்றில் புழு வளர்ந்து, அதன் கழிவு வழியே மனிதனுக்கும் ஆட்டுக்கும் திரும்ப வரும். அப்படிப்பட்ட உறுப்பை வேகவைத்து அழிக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் நாய் சுற்றவே விடக்கூடாது.

தலை, கால் வாட்ட கேஸ் டார்ச் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது தென்னை மட்டை. பழைய டயரைக் கொளுத்தி வாட்டுவது நஞ்சைத் தடவுவதற்குச் சமம். வாங்குகிற நாமும் கேள்வி கேட்க வேண்டும்.

சூடும் உப்புத் தண்ணீரும்

அறுத்த ஆட்டின் தொடைக்குள் 39 டிகிரி இருக்கும். இந்தக் கரையில் விடிகாலையிலேயே 27, 28 டிகிரி, காற்றில் ஈரம் வேறு. கிருமி அரை மணிக்கொரு முறை இரட்டிப்பாகும் சூடு இது. எனவே இரண்டே வழிதான். ஒன்று, நாலு மணிக்கு அறுத்து எட்டு மணிக்குள் மொத்தத்தையும் கொடுத்து முடிப்பது. முன்பதிவு இருந்தால் இதுவே சிறந்தது. இன்னொன்று, முறையாகக் குளிரவைத்து மறுநாள் விற்பது.

குளிரவைப்பதில் எல்லோரும் செய்வது, சூட்டோடு ஃப்ரீசரில் அடுக்கிவிடுவது. இரண்டு கெடுதல். அடுக்கின் நடுவில் சூடு அடைபட்டு வாடை பிடிக்கும். ஓரத்தில் இருப்பது விறைப்பு ஏறும் முன்பே உறைந்து ரப்பர் மாதிரி ஆகும். கொழுப்புப் போர்வை இல்லாத மெலிந்த ஆட்டில் இது இன்னும் மோசம். முதல் பத்து மணி நேரத்துக்குள் தசை 10 டிகிரிக்குக் கீழே போனால் எவ்வளவு வேகவைத்தாலும் மெல்ல முடியாது. குளிர்சாதனமாகவும் ஃப்ரீசராகவும் மாற்றக்கூடிய பெட்டியை முதலில் 10 முதல் 12 டிகிரியில் ஓடவிட்டு, துண்டுகளுக்கிடையே கை நுழையும் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். பத்து மணி நேரம் கழித்து 4 டிகிரிக்கு இறக்குங்கள். குத்தும் வெப்பமானி ஒன்று கட்டாயம். பெட்டியின் கதவில் காட்டும் எண் காற்றின் எண், கறியின் எண் அல்ல.

மீன் ஐஸ் இங்கே மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கறிமேல் கொட்டாதீர்கள். குடிநீரில் உறைந்த ஐஸாக இருக்க வேண்டும், அதுவும் கறியை நேரே தொடாமல் பையில். மீன் ஏற்றிய தெர்மோகோல் பெட்டியில் கறி வைத்தால் எத்தனை முறை கழுவியிருந்தாலும் வாடை ஏறும். பெட்டிமேல் பெயிண்டால் 'கறி' என்று எழுதித் தனியே வையுங்கள்.

தண்ணீர் ஓர் ஆட்டுக்கு 45 முதல் 50 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் கறி கழுவ ஆகாது. காவிரிக் கூட்டுக் குடிநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, 1,000 லிட்டருக்கு 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 6 கிராம் கரைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றி அரை மணி விடுங்கள். பிளீச்சிங் பவுடர் கடல் காற்றில் சீக்கிரம் வீரியம் இழக்கும், மூட்டையாக வாங்காதீர்கள். தரைக்கு 10 லிட்டருக்கு 6 கிராம், ரத்தத்தை முழுதாகக் கழுவிய பிறகு. ரத்தத்தின் மேலேயே ஊற்றினால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். உப்புத் தண்ணீரும் குளோரினும் எஃகைக் குத்திக் குத்தி அரிக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து உலர்த்துங்கள். வெந்நீர்க் கம்பியில் உப்புப் படிந்தால் வெடிக்கும், மாதமொரு முறை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவையுங்கள்.

கழிவும் தோலும்

22 கிலோ ஆட்டின் வயிற்றுச் சாணம் இரண்டரை, மூன்று கிலோ வரும். மணலில் புதைப்பதே வழக்கம். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மணலடியில் சில அடியிலேயே நல்ல தண்ணீர் நிற்கிறது. ஊற்றுத் தோண்டி ஊரே குடிக்கிற தண்ணீர் அது. அதற்குள் ரத்தம் இறங்க விடக்கூடாது. அடியில் காரை போட்ட சிமென்ட் உறைத் தொட்டியில் ஓர் அடி உயரத்துக்குத் தென்னைநார்க் கழிவு, அதன்மேல் கழிவு ஒரு பங்கு, காய்ந்த ஓலையோ சீமைக்கருவேலச் சிராய்களோ மூன்று பங்கு, மேலே மறுபடி ஓர் அடி நார்க் கழிவு. உள்ளே 55 டிகிரி ஏறினால் சரியாக வேகிறது. ஏறவில்லையென்றால் ஈரம் அதிகம், காய்ந்ததைச் சேருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மேலே தகரம் போடாவிட்டால் எல்லாம் அழுகி நாறும்.

தோலை மூன்று மணி நேரத்துக்குள் உப்பிட வேண்டும். ஒன்றரைக் கிலோ தோலுக்கு 600 கிராம் கல்லுப்பு. வாலிநோக்கம் உப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கஞ்சத்தனம் வேண்டாம். கறிப்பக்கம் மேலே இருக்க, சரிவான பலகையில் நிழலில் விரிக்க வேண்டும். ஒரு முறை பயன்படுத்திய உப்பை மறுபடி போட்டால் தோலில் சிவப்புப் படை வந்து விலை போகாது.

குர்பானிக்கும் வீட்டு விசேஷத்துக்கும் அறுப்பதும் வியாபாரமும் ஒன்றல்ல. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டியில் பக்ரீத்தன்று அறுத்துப் பங்கிடுவது உணவு வணிகம் ஆகாது. மதமுறைப்படி கொல்வதை மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு குற்றமாக்கவில்லை. ஆனால் அதே நாளில் ஒரு பங்கை எடை போட்டு விற்றால் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். அமெரிக்காவிலும் இந்தக் கோடு உண்டு. உரிமையாளர் தன் வீட்டுக்கென்று அறுக்கக் கொடுத்த மாட்டுக்கு அரசு ஆய்வாளர் நேரில் நிற்க வேண்டியதில்லை, ஆனால் பொட்டலத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும். விற்க வேண்டுமென்றால் ஆய்வு நடக்கும் கூடத்துக்குத்தான் போக வேண்டும். 2020-இல் கொரோனா காலத்தில் அங்கே சிறு பண்ணையாளர்கள் அப்படிப்பட்ட கூடத்தில் ஒரு நாள் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அத்தனை பணக்கார நாட்டிலும் சிறியவரின் முட்டுக்கட்டை அறுக்கிற இடம்தான்.

ஆகவே நம் ஊர்க் கிராம சபையில் இதைக் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகிறது. 'ஆட்டுத்தொட்டி வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். தீர்மானத்தில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: நாளொன்றுக்கு ஒன்பது ஆடு வரை அறுக்க, கூரையும் வலையும் உள்ள 4 மீட்டருக்கு 5 மீட்டர் கூடம், ஐந்தடி உயரம் ஓடு பதித்த சுவர், 3 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சரிவுள்ள தரை, 1,000 லிட்டர் குடிநீர்த் தொட்டியும் கூட்டுக் குடிநீர் இணைப்பும், கழிவு நீரின் கொழுப்பை மேலே நிறுத்தும் இரட்டை அறைத் தொட்டி, அடி காரையிட்ட இரண்டு உரத் தொட்டி, ஆடுகளை இரவு நிறுத்த நிழலுள்ள பட்டி, வாரத்தில் ஒரு நாள் கால்நடை மருத்துவர் வருகைக்குக் கால்நடைத் துறைக்குப் பரிந்துரை. கையெழுத்திடும் ஆடு வளர்ப்போரின் பெயர்களோடு ஒவ்வொருவரிடமும் உள்ள ஆட்டின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். தீர்மான நகலை வாங்கி, ஒன்றை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கும் ஒன்றை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கும் பதிவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை மருந்து நோட்டோடு சேர்த்து வையுங்கள்.